பம்படி மோதிரம்

நியூ ஜெர்சியில் யாராவது சாலையோரமாக நடந்துபோனால், அவருடைய கார் எங்கோ நின்றுவிட்டது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நான் போய்ச் சேர்ந்த கோடையில் இது எனக்குத் தெரியாது. பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிரே அப்போது இன்னும் சோளக்காடு இருந்தது. கணவர் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி ஜெர்சி சிட்டிக்குப் போய்விடுவார். எனக்கு டிபென்டன்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. டிவியில் பேசுவது பாதி புரியாது. சுவரோடு பேசத் தொடங்குவதற்குள் வெளியே போய்விடலாம் என்று ஹவாய் செருப்பை மாட்டிக்கொண்டு தினமும் நடக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் பழைய பிக்கப் வண்டி ஒன்று என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னாலேயே வந்தது. ஓட்டியவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. எழுபதை ஒட்டிய வயது, ஆம்பிளைச் சட்டை, முழங்கை வரை வெயிலில் கறுத்த கை.

"வண்டி நின்னுபோச்சா கண்ணு?"

"வண்டியே இல்லைங்க."

"அப்ப எங்க போறே?"

"எங்கயும் இல்லைங்க. சும்மாதான்."

சும்மா என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லித் தொலைத்தேனோ, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏறச் சொன்னார். ஏறினேன். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது இருக்கையில் கிடந்த தக்காளிகளை வாரி என் துப்பட்டாவில் போட்டார்.

அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது அவர் என் காதில் எங்கள் கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சாகவே பேசுகிறார். 'ஹனி' என்று அவர் சொன்னதெல்லாம் 'கண்ணு' என்றுதான் எனக்கு ஞாபகம். அதனால் அப்படியே எழுதிவிடுகிறேன். தன் பெயரைச் சொல்லி, அதைச் சொல்லியே கூப்பிடு என்றார். என் அம்மாவைவிட மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு வளையுமா? ஆன்ட்டி என்றேன். "நான் உனக்கு எப்படி அத்தையாவேன்?" என்று கேட்டார். கொஞ்ச நாளில் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

சோளக்காட்டுக்குப் பின்னால் இருந்த பண்ணை அவர்களுடையது. நான் போனபோது வீட்டு ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. கொட்டகையின் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. அவருடைய கணவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்ததும் இருவரும் சில மைல் தள்ளி மகள் வீட்டோடு போய்விட்டார்கள். நிலத்தை வீடு கட்டும் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. அடுத்த வசந்தத்தில் வந்து இடித்துவிடுவார்கள். ஆன்ட்டி மட்டும் பழக்கதோஷத்தில் தினமும் பிக்கப்பை எடுத்துக்கொண்டு வந்து, கொல்லையில் போட்டிருந்த தக்காளியைப் பார்த்துவிட்டுப் போவார்.

மெட்டல் டிடெக்டர் எங்களுக்கு ஓசியில் வந்தது. மாடி வீட்டுத் தமிழ்க் குடும்பம் சான் ஹோசேக்கு வேலை மாறிப் போனபோது, காரில் ஏறாததையெல்லாம் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். ஒரு இஸ்திரி மேஜை, கால் ஆடும் டிவி ஸ்டாண்டு, ஒரு மூட்டை துவரம்பருப்பு, அதோடு இது. என் கணவர் ஓசி என்றால் ஒட்டகத்தைக்கூட ஓட்டிக்கொண்டு வருவார்.

"இது என்னங்க, புல்லு வெட்டற மிஷினா?"

"மெட்டல் டிடெக்டர். மண்ணுக்குள்ள காயின் கிடந்தா பீப் அடிக்கும். அவன் பீச்சுல try பண்ணிட்டு bore அடிச்சு விட்டுட்டான்."

"நம்ம எங்க போய்த் தோண்டறது? பார்க்கிங் லாட்டையா?"

கேட்டுவிட்டேனே தவிர, கேட்கும்போதே எனக்கு ஆன்ட்டியின் பண்ணை நினைவுக்கு வந்துவிட்டது. அவரிடம் கேட்டேன். "எது கிடைச்சாலும் வச்சுக்கோ. தோண்டின குழியை மட்டும் மூடிடு" என்றார்.

சனிக்கிழமை காலை நானும் கணவரும் போனோம். முதலில் அவர்தான் மிஷினை ஓட்டினார். ஒரு நீளக் கம்பு, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், காதுக்கு ஹெட்ஃபோன். தட்டைத் தரைக்கு மேலே இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நகர வேண்டும். வெகுநேரம் ஆட்டியும் அவருக்குக் கிடைத்தது துருப்பிடித்த ஆணிகள்தான். நான் வாங்கினேன். வாங்கிய மறுநொடி பீப். ஒரு அடி நகர்ந்தேன், பீப். இன்னொரு அடி, மறுபடி பீப்.

"உனக்குத்தான்டி கைராசி!" என்று அவர் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். ஒன்றுமில்லை. அடுத்த இடத்திலும் ஒன்றுமில்லை. மிஷினை அவர் வாங்கினால் வாயை மூடிக்கொள்ளும், என் கைக்கு வந்தால் ஒப்பாரி வைக்கும். பண்ணை முழுக்கப் பெருச்சாளி பறித்த மாதிரி குழிகள். எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. மிஷினைப் புல்லில் வீசிவிட்டுப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ரூட் ஒன் நெடுஞ்சாலையில் பழைய நாணயங்களும் இந்த மிஷின்களும் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் மிஷினை ஆட்டிப் பார்த்தார், ஒழுங்காக இருந்தது. என்னிடம் கொடுத்தார், கத்தியது. என் வாட்சைக் கழற்றச் சொன்னார். வளையல் கண்ணாடி. பெல்ட் இல்லை. யோசித்துக்கொண்டே தட்டை மெதுவாகக் கீழே இறக்கினார். என் பாதத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அது வீறிட்டது.

அவர் குனிந்து பார்த்தார். "கால் விரல்ல எதுக்கு மோதிரம் போட்டிருக்கீங்க?"

"கல்யாணம் ஆனதுக்கு" என்றேன்.

அந்த மனிதர் தன் கையிலிருந்த கல்யாண மோதிரத்தை ஒருமுறை பார்த்தார், என் மெட்டியை ஒருமுறை பார்த்தார். தேடும்போது கழற்றிவிடுங்கள் என்றார். அதைக் கழற்றக் கூடாது என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் மரியாதையாகத் தலையாட்டினார். வரும் வழியெல்லாம் என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாள் பூராவும் நாங்கள் துரத்தியது என் மெட்டியின் வெள்ளியை. அன்றையிலிருந்து ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: தட்டு என் கால் பக்கம் வரும்போது அடித்தால் அது நான், தள்ளி அடித்தால்தான் மண்.

அதன் பிறகு பொருள்கள் கிடைக்கத் தொடங்கின. பித்தளைப் பொத்தான்கள், பொம்மை வண்டியின் ஒரு சக்கரம், மவுத் ஆர்கனின் உள்தகடு, கோதுமைக் கதிர் போட்ட பழைய பென்னிக் காசுகள். ஒரு பென்னியில் இறகுத் தொப்பி போட்ட தலை இருந்தது. ஆன்ட்டி அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "அட, ஒரு இந்தியன்!" என்றார். அந்த நாணயத்துக்கு அங்கே அதுதான் பெயராம். நான் நிமிர்ந்து, "சொல்லுங்க ஆன்ட்டி" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கொட்டகையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

வாரநாட்களில் நான் மட்டும் நடந்து போய்விடுவேன். மதியத்துக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனால் ஆன்ட்டியும் சாப்பிடுவார். கறிவேப்பிலையை எடுத்து வைத்துக்கொண்டு, "இதைச் சாப்பிடணுமா, ஒதுக்கணுமா?" என்று கேட்டார். ஒதுக்கிவிடுவோம் என்றேன். "அப்புறம் எதுக்குப் போடறீங்க?" என்றார். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் காய்ந்துபோயிருந்த எனக்கு அந்தப் பாழ்வீட்டுப் பின்வாசல் போதுமானதாக இருந்தது. அந்த வருடம் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது ஆன்ட்டிதான். அவரிடம் இதை நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

இலைகள் சிவக்கும் காலத்தில், ஒரு மதியம், நான் தனியாகத் தேடிக்கொண்டிருந்தபோது சோளத்தாள்களுக்கு நடுவிலிருந்து ஒரு கிழவர் வந்தார். பைஜாமா, மேலே தடித்த ஜாக்கெட், காலில் வீட்டுச் செருப்பு. ஆன்ட்டியின் கணவர். பெரிய சாலையைத் தாண்டி, மகள் வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"என் பொண்டாட்டியோட மோதிரம் தொலைஞ்சுபோச்சும்மா" என்றார். "மழை வர்றதுக்குள்ள தேடணும்."

நேராக வீட்டுக்குப் பின்னாலிருந்த அடிபம்புக்குப் போய்ப் புல்லில் மண்டியிட்டுக் கையால் துழாவ ஆரம்பித்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கிள், அங்கிள் என்று கெஞ்சி, எழுப்பிப் படியில் உட்காரவைத்து, ஃபிளாஸ்கில் இருந்த டீயைக் கொடுத்தேன். இஞ்சி போட்ட டீ. முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். ஆன்ட்டியின் பிக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு வரும்வரை அவர் கையை நான் விடவில்லை.

ஆன்ட்டி அவரை வண்டியில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, என்னிடம் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. இப்படி வெளியேறுவது இது முதல் தடவை இல்லையாம். முன்பு ஒருமுறை போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் இருந்து காவல் காக்க முடியாது. கதவு பூட்டிய முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கேட்டு வைத்திருக்கிறாள், வசந்தத்தில் கிடைத்துவிடும். மகள்மேல் தப்பில்லை என்று ஆன்ட்டியே சொன்னார்.

"ஆனா ஒண்ணு கண்ணு. அவர் எங்கயோ கண்ட இடத்துக்குப் போறதில்லை. மோதிரத்தைத் தேடித்தான் போறாரு. எல்லாம் மறந்துபோச்சு, அது மட்டும் மறக்கலை. அது கிடைச்சுட்டா அவருக்குப் போறதுக்கு இடமே இல்லை. வீட்டோட இருந்துடுவாரு."

"எங்க தொலைச்சீங்க ஆன்ட்டி?"

அவர் பிக்கப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உருளைக்கிழங்கு தோண்டறப்ப பாத்தியில நழுவிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். பொய். நான்தான் எறிஞ்சேன்."

கல்யாணமான முதல் வருடம். ஆன்ட்டியின் அப்பா கொடுத்தனுப்பிய கறவைப் பசுவை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டு, அங்கிள் பழைய டிராக்டர் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இவர் பின்வாசல் படியில் நின்று மோதிரத்தைக் கழற்றி, அவர் போன திசையில் வீசியிருக்கிறார். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை காலமும் உருளைக்கிழங்குப் பாத்தி என்றே சாதித்துவிட்டார். பிறந்த வீட்டுப் பசுவை விற்றால் எங்கள் ஊரில் பஞ்சாயத்தே நடக்கும். நானாக இருந்தால் மோதிரத்தோடு நிறுத்தியிருக்க மாட்டேன். இந்த அம்மாவும் நானும் ஒரே ரகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் ஆன்ட்டியைப் பின்வாசல் படியில் நிறுத்தி, கையில் ஒரு கூழாங்கல்லைக் கொடுத்தேன்.

"அன்னைக்கு மாதிரியே எறிங்க."

எறிந்தார். கல் முன்னாலேயே பொத்தென்று விழுந்தது.

"கோபமா எறிங்க ஆன்ட்டி."

"கோபமே வரமாட்டேங்குதே. பாவம், அந்த மனுஷன்."

"பசுவை நினைச்சுக்குங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு இறுகியது. அடுத்த கல் பம்பையும் தாண்டிப் பறந்து போய்ப் புதரில் விழுந்தது. இரண்டு பேரும் திகைத்து நின்றோம், அப்புறம் படியிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆகத் தேட வேண்டிய இடம் பம்பு, அதைச் சுற்றி, அதைத் தாண்டி.

தேடுவது சுலபமாக இல்லை. அந்த மிஷினில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகிவிட்டால் சோடா கேன் மூடி, சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் எதற்கும் அடிக்காது. ஆனால் மெல்லிய தங்க மோதிரமும் அந்தக் குப்பைக் கூட்டத்தோடுதான் சேரும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். அதனால் குமிழைத் தொடவில்லை. அடித்த இடத்தையெல்லாம் தோண்டினோம். எத்தனை தலைமுறை அந்தப் பம்படியில் உட்கார்ந்து சோடா குடித்திருக்கிறதோ, அத்தனை மூடியும் எங்கள் கைக்கு வந்தது. வாரக்கடைசியில் தூங்க வேண்டிய மனிதர், என் கணவர், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தோட்டக் கரண்டியோடு வந்து மண்டியிட்டார். அதற்குள் தரை உறைந்துவிட்டது. கரண்டி பட்டால் டங்கென்று சத்தம்தான் வந்தது. வசந்தம் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

குளிர்காலத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது உறுதியாகி, வயிறும் தெரிய ஆரம்பித்தது. ஆன்ட்டி பனியிலும் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, மகள் வீட்டில் சுட்ட ஆப்பிள் பையும், பழைய குழந்தைக் கம்பளியும் கொடுத்துவிட்டுப் போவார். அங்கிளைப் பற்றிக் கேட்டால், "தினமும் ஜாக்கெட்டை மாட்டிடறாரு. கதவுகிட்ட நானே நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கறேன்" என்பார்.

பனி உருகி, தரை சேறாகியபோது எனக்கு ஏழு மாதம். கால் இரண்டும் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டன. மெட்டி விரலைக் கடித்தது. அம்மாவிடம் போனில் சொன்னால் அழுவாள் என்று சொல்லாமலேயே, ஒரு சனிக்கிழமை காலை, பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுக் கணவர் அதை மெல்ல மெல்லக் கழற்றி எடுத்தார். குங்குமச் சிமிழில் போட்டுச் சாமி அலமாரியில் வைத்தேன். மனசு கொஞ்சம் கனத்தது. ஆனால் அன்று அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. அடுத்த திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் வந்து வேலி அடித்துவிடுவார்கள் என்று ஆன்ட்டி சொல்லியிருந்தார். இல்லத்திலும் இடம் காலியாகிவிட்டதாம்.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கணவரின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு தேடினேன். மாடியில் புதிதாகக் குடிவந்த தமிழம்மா ஒருவர் பால்கனியிலிருந்தே, "பிள்ளைத்தாச்சிப் பொண்ணு மண்ணைக் கிளறலாமாடி?" என்று சத்தம் போட்டார். தோண்டுவது என் கணவர், மிஷினை ஆட்டுவது மட்டும்தான் நான் என்று பதில் கொடுத்துவிட்டு நடந்தேன். ஞாயிறு சாயங்காலம் தூறல் பிடித்தது. கிடைத்தது கதவுக் கீல் ஒன்று, கரண்டிக் காம்பு ஒன்று. வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கதவு பூட்டிய இடத்தில் அந்தக் கிழவர் ஜாக்கெட்டோடு நிற்பது கண்முன்னாலேயே நின்றது.

கணவர் வெந்நீரில் உப்புப் போட்டு ஒரு டப்பாவில் கொண்டுவந்து என் காலை அதில் வைத்தார். குனிந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வீங்கிய விரலில், மெட்டி இருந்த இடத்தில் வெளுத்த தடம் ஒன்று வளையமாகத் தெரிந்தது.

"ஏங்க!" என்று கத்தினேன். பிரசவ வலி என்று நினைத்து அவர் சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

"இன்னைக்குப் பம்புகிட்ட ஒரு பீப் அடிச்சுதுங்க. என் கால்கிட்ட. மெட்டின்னு நினைச்சு விட்டுட்டேன்."

"சரி?"

"மெட்டி எங்கங்க இருக்கு? சிமிழ்ல இருக்கு!"

அவர் என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். வெளியே இருட்டிவிட்டது, மழையும் வலுத்துவிட்டது. எந்த இடம் என்று எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. வயிற்றுப் பாரத்துக்காகப் பம்பின் உடைந்த சிமெண்ட் விளிம்பில் வலது காலை முட்டுக்கொடுத்து நின்ற இடம். மாதக்கணக்கில் கால் பக்கம் அடித்தால் நான்தான் என்று பழகிப்போன காது, கால் காலியான பிறகும் அதே புத்தியில் இருந்திருக்கிறது.

என் கணவர் கான்ட்ராக்ட் வேலைக்காரர். காய்ச்சலோடும் ரயிலேறுகிறவர். திங்கட்கிழமை விடிந்ததும் ஆபீஸுக்கு போன் போட்டு, "Family emergency, வர முடியாது" என்று சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தார். அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த நகை எதையும்விட அந்தக் காலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இதை அவர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

நாங்கள் போவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். ஆரஞ்சு நிற வலையைக் கம்பங்களில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் புல்டோசர் லாரியிலிருந்து இறங்கி உறுமிக்கொண்டிருந்தது. மேஸ்திரி மாதிரி இருந்தவர் கையை நீட்டி மறித்தார். நான் காரிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மோதிரம், கிழவர், பசு, பம்பு என்று என் ஆங்கிலம் எங்கெங்கோ போய் முட்டி நின்றது. பசு எதற்கு வந்தது என்று அவருக்குப் புரிந்திருக்காது. கையிலிருந்த காபிக் குவளையைப் பார்த்தார். அப்போதுதான் மூடியைத் திறந்திருந்தார்.

"இது தீர்ற வரைக்கும்தான்" என்றார்.

சிமெண்ட் விளிம்பில் அதே காலை முட்டுக்கொடுத்து நின்றேன். தட்டை இறக்கினேன். பீப். மெட்டியில்லாத காலுக்குப் பக்கத்தில், சுத்தமாக, ஒரே ஒரு பீப். கணவர் தோண்டினார். வேர், கூழாங்கல், களிமண். உருண்டை மண் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். அவர் முகம் மாறியது. தங்கம் துருப்பிடிக்காது என்று புத்திக்குத் தெரியும், ஆனாலும் இத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தது நேற்று வாங்கியது மாதிரி மினுங்கியபோது நான் ஓவென்று அழுதுவிட்டேன். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். குவளையில் காபி பாதிக்கு மேல் இருந்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆன்ட்டியின் மகள் வீட்டுச் சமையலறையில் அங்கிள் ஜாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். வாசலுக்கு நடுவே நாற்காலியில் ஆன்ட்டி. நான் மோதிரத்தை ஆன்ட்டியின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். எழுந்து போய் அங்கிளிடம் நீட்டினார்.

"கிடைச்சிருச்சு. உருளைக்கிழங்குப் பாத்தியிலதான் இருந்திருக்கு."

என்னைப் பார்த்து ஒரு பார்வை வேறு.

அங்கிள் மோதிரத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"அங்க எப்படிப் போகும்? நீ பம்பு பக்கமா இல்ல எறிஞ்ச."

ஆன்ட்டியின் வாய் திறந்தபடி நின்றது. ஐம்பது வருடத்துப் பக்கமாக இவர் கட்டிக்காத்த பொய் அந்தச் சமையலறைத் தரையில் விழுந்து உடைந்தது.

"அது நல்ல பசு" என்றார் அங்கிள். "விற்கிறதுக்கு முன்னாடி உன்னைக் கேட்டிருக்கணும்."

ஆன்ட்டி அவர் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மோதிரம் பழைய விரலில் கணுவைத் தாண்டவில்லை. அங்கிளே அதைச் சுண்டுவிரலில் போட்டுவிட்டார். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எங்களைப் பார்த்து, நீங்கள் யார், சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

அந்த இல்லத்துக்கு அவர் போகவில்லை. மறந்துபோய் மறுநாளும் ஜாக்கெட்டை மாட்டத்தான் செய்தார். ஆன்ட்டி சுண்டுவிரலைக் காட்டினால் போதும். மனிதர் துள்ளிக் குதிப்பாராம், யார் கண்டுபிடித்தது என்று கேட்பாராம். பக்கத்து ஊர் இந்தியப் பெண் என்றால், உடனே அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அடம்பிடிப்பார். ஆன்ட்டி போனைச் சுழற்றிக் கொடுப்பார். இப்படித் தினமும் காலையில், என் கணவர் ரயிலேறிய கொஞ்ச நேரத்தில், எனக்கு ஒரு போன் வரும். "என் பொண்டாட்டி மோதிரத்தைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தியாமே, ரொம்ப நன்றிம்மா" என்று முதல் தடவை சொல்வது போலவே தழுதழுப்பார். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அது மேடையில் சொல்வது. முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. போகப்போக, மகள் பிறந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, அந்த போன் வராவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது என்று ஆகிவிட்டது.

மறு வருடம் குளிர் தொடங்கியபோது அங்கிள் தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் வீட்டில், தன் கட்டிலில், பக்கத்தில் ஆன்ட்டி இருக்கும்போதே. அடக்கம் முடிந்த மறுநாள் காலை அதே நேரத்துக்கு போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கை பழக்கத்துல நம்பரைப் போட்டுடுச்சு கண்ணு" என்றார் ஆன்ட்டி. "இன்னைக்கு யாருமே மோதிரத்தைக் கேட்கலை."

மகளை இடுப்பில் மாற்றிக்கொண்டேன்.

"மோதிரம் எங்க ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

பிறகு அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"கையிலதான் இருக்கு கண்ணு. கிடைச்சிருச்சு."